படகு கட்டச் சொல்லும் புத்தகங்களும் நம் கட்டுமரமும்

‘ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே ஒரு மரப் படகு செய்யுங்கள்’ என்று அழைக்கும் நூல்கள் மேல்நாடுகளில் ஏராளம். வரைபடம், வெட்ட வேண்டிய பலகைகளின் அளவு, பசை கலக்கும் விகிதம் எல்லாம் அவற்றில் இருக்கும். ரம்பமும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு படகைக் கட்டி முடித்துவிடலாம் என்ற துணிவை அவை ஊட்டுகின்றன. அத்தகைய நூல் ஒன்றைப் படிக்கும் செங்கல்பட்டு மாணவர் ஒருவருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. ‘முப்பது கிலோமீட்டரில் கடல் இருக்கிறதே, நாமும் ஒன்று செய்து மாமல்லபுரத்தில் விட்டால் என்ன?’ என்பது ஒன்று. ‘கேட்டமரனே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதானே, படகு கட்டுவதை நமக்கு வெளியார் சொல்லித்தர வேண்டுமா?’ என்பது மற்றொன்று. முதல் எண்ணம் உயிருக்கு ஆபத்தானது. இரண்டாவது பாதி உண்மை. பாதி உண்மைகளோடு அறிவியல் மாணவர் திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஆகவே, வீட்டுப் படகு நூல்கள் சொல்வதையும், நம் கட்டுமரத்தைப் பற்றிப் பல காலத்தவர் எழுதியவற்றையும் எடுத்துவைத்து, அவை எங்கே சரி, எங்கே நழுவுகின்றன என்று பார்ப்போம்.

வீட்டுப் படகுகளில் உலகப் புகழ் பெற்றவை இரண்டு. 1947இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் நகரில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வரைந்த ‘ஆப்டிமிஸ்ட்’ ஒன்று. 1963இல் பிரிட்டனில், ‘டெய்லி மிர்ரர்’ நாளிதழின் ஆதரவோடு ஜாக் ஹோல்ட், பாரி பக்னல் இருவரும் உருவாக்கிய ‘மிர்ரர்’ மற்றொன்று. முன்னதன் நீளம் 2.3 மீட்டர், பின்னது 3.3 மீட்டர். ஆப்டிமிஸ்ட் ஏன் 2.3 மீட்டர்? ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், கடையில் எட்டடிக்கு நாலடியாக விற்கப்படுகிறது. எட்டடி என்பது 2.44 மீட்டர். பலகையின் நீளத்துக்குள் படகு அடங்க வேண்டும். அதனால்தான் அதன் முகப்புக்கூடக் கூராக இல்லாமல் பெட்டிபோல் தட்டையாக இருக்கிறது. தண்ணீர் கேட்ட வடிவம் அன்று அது; பலகை கொடுத்த வடிவம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் படகும் தன் கச்சாப்பொருளின் சாயலைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. நம் கட்டுமரமும் மரத்தண்டின் சாயலைச் சுமப்பதுதான்.

மிர்ரர் படகின் செய்முறை இன்னும் சுவையானது. வெட்டிய பலகைகளின் விளிம்பில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைக்கிறார்கள். மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் பூசுகிறார்கள். பிசின் இறுகியதும் படகு தயார். மரச்சட்டங்களை வளைக்கும் கடினமான தச்சுவேலை இல்லாததால்தான் பள்ளி மாணவர்களும் அலுவலக எழுத்தர்களும் வண்டிக் கொட்டகையில் அதைக் கட்ட முடிந்தது. இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிர்ரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. படகு என்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற நிலையை இவ்விரு வரைபடங்களும் பெரிதும் மாற்றின. அந்தப் பெருமையை அவற்றுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆனால் இந்நூல்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: எந்தத் தண்ணீரில்? இந்தப் படகுகள் பிறந்தது ஏரிகளுக்கும், ஆற்று முகத்துவாரங்களுக்கும், அலை அடங்கிய விரிகுடாக்களுக்கும். அங்கே படகுத் துறையிலிருந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் பயணம் தொடங்கிவிடும். எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது தெரிந்த சங்கதி என்பதால் அச்சில் ஏறவில்லை. தமிழில் அதை அப்படியே பெயர்த்தால், சொல்லாமல் விட்டது சொல்லாமலே கடலுக்குப் போய்விடும்.

மாமல்லபுரத்தையும் அதன் வடக்கே கோவளத்தையும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தையும் நினைத்துப் பாருங்கள். திறந்த வங்கக் கடல். அலையைத் தடுக்கும் தீவோ, உள்வாங்கிய குடாவோ இல்லை. ஆழ்கடலில் நெடுந்தொலைவு உருண்டு வந்த அலை கரையருகே உடைகிறது. எங்கே உடையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை நிமிர்ந்து கவிழும். ஒரு மீட்டர் உயர அலையானால் 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது உங்கள் மார்பளவு நீரில். அந்த ஆழத்தில் அலை நகரும் வேகத்தையும் எளிதில் கணக்கிடலாம். ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்பதே வழி. 1.3-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 12.7; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.6. ஆக, நொடிக்கு 3.6 மீட்டர், மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். துடுப்புப் போடுபவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் அதிகம். அலையை முந்துவது என்பது பேச்சளவில்தான்.

இப்போது மிர்ரர் போன்ற ஒரு படகு அந்த உடையும் அலையைச் சந்திக்கிறது. அதன் உட்குழிவு 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலையில் அது நிரம்பினால் உள்ளே வருவது 0.72 கன மீட்டர் கடல்நீர். எடை ஏறத்தாழ 740 கிலோகிராம். 45 கிலோ எடையுள்ள படகுக்குள் 740 கிலோ தண்ணீர்! அதில் காற்றறைகள் வைத்துக் கட்டியிருப்பதால் படகு மூழ்காது என்று நூல்கள் சொல்கின்றன, உண்மைதான், மூழ்காது. ஆனால் அத்தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டுகிறது. அடுத்த அலை வருவதற்குள் இறைத்து வெளியேற்ற நேரமும் இருக்காது. பாதித் தட்டு ரசத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இந்த இயற்பியல் விளங்கும். புரண்ட படகு கரைமணலில் மோதும்போது, இடையில் மனிதர் ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

இதே அலையைக் கட்டுமரம் எப்படிக் கடக்கிறது? அதற்கு ‘உள்ளே’ என்ற ஒன்றே கிடையாது. நீர் ஏறும், மரங்களின் இடுக்குகள் வழியே இறங்கிவிடும். தண்ணீரை வெளியே நிறுத்தி, உள்ளே காற்றை அடைத்து மிதப்பது படகு. தன் உடம்பின் இலேசினாலேயே மிதப்பது கட்டுமரம். ஆர்க்கிமிடீஸ் விதி இரண்டுக்கும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் முறைதான் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் ‘கட்டுமரம் ஒரு பழமையான எளிய படகு’ என்று முடித்துவிடும் பாடநூல் வாக்கியங்களின்மேல் எனக்குக் கோபம் உண்டு. எளியது என்பது சரி. படகு என்பது சரியன்று. மீனவர்கள் பேச்சில் அதற்குப் பெரும்பாலும் ‘மரம்’ என்றே பெயர். விஞ்ஞான நோக்கில் பாடநூலைவிட அந்தப் பேச்சே துல்லியமானது.

கட்டுமரத்தைப் பார்த்து எழுதிய ஐரோப்பியரில் ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் முன்னோடி. 1697இல் அவருடைய உலகப் பயண நூல் வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் இலேசான மரத்தண்டுகளால் ஆன இந்தக் கலத்தைக் குறிப்பிடும் அவர், சிறியவற்றில் செல்பவரின் காலும் இடுப்பின் கீழ்ப்பகுதியும் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்ற பொருளில் எழுதுகிறார். கூர்ந்த கண், ஐயமில்லை. ஆனால் ஏன் அப்படி என்று அவர் ஆராயவில்லை. நாம் ஆராய்ந்து பார்க்கலாம்.

ஐந்து மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். செதுக்கியபின் மொத்தக் கன அளவு 1 கன மீட்டர் என்றும், நன்கு காய்ந்த மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 400 கிலோகிராம் என்றும் வைப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்த எண்கள் இவை. ஆனால் மலைவேம்பு போன்ற இலேசான மரங்களுக்கு அப்பாற்பட்டவை அல்ல. தேக்கின் அடர்த்தி 600-க்கு மேல் போகும் என்பதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். கட்டுமரத்தின் எடை 400 கிலோ. இரண்டு ஆட்களும் வலையும் சேர்ந்து 180 கிலோ. ஆக 580. கடல்நீரின் அடர்த்தி 1025. எனவே கட்டுமரத்தின் கன அளவில் நூற்றுக்கு 57 பங்கு நீருக்குள் இருக்கும், மீதி வெளியே. காலையில் புறப்படும்போது நிலைமை இது.

மரம் நீரை உறிஞ்சும். பல நாள் காயவிடாமல் ஓட்டினால் 400 கிலோ மரம் 600 கிலோவாக ஊறிவிட்டது என்று கொள்வோம். மொத்தம் 780 கிலோ. இப்போது நூற்றுக்கு 76 பங்கு நீருக்குள். மேற்பரப்பில் அலை சும்மா நடந்து போகும். டாம்பியர் கண்ட நனைந்த கால்களின் காரணம் இதுவே. ஒவ்வொரு நாளும் உறிஞ்சும் நீர், ஏற்றக்கூடிய மீனிலிருந்து கழிக்கப்படுகிறது என்று பொருள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கட்டுமரத்தை ஏன் கட்ட வேண்டும்? ஆணி அடித்தோ, மரப்பொருத்து வைத்தோ நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் என்ன? கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவைப்பது வழக்கம். சேர்ந்திருக்கையில் ஒன்றையொன்று ஒட்டிய பக்கங்களில் வெயிலும் காற்றும் படாது. பிரித்தால் நான்கு புறமும் காயும். அத்துடன், 400 கிலோவை ஒரேயடியாகத் தூக்க ஒரு கூட்டமே வேண்டும். பிரித்தால் ஒரு மரம் 80 கிலோ. இரண்டு பேர் தோளில் போட்டுக்கொண்டு அலை எட்டாத மேட்டுக்கு நடந்துவிடலாம். துறைமுகம் இல்லாத கரையில், ஒவ்வொரு மீனவரும் தம் துறைமுகத்தைத் தோளிலேயே வைத்திருந்தார். ‘கட்டு’ என்ற சொல்லுக்குள் ‘அவிழ்’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அந்தப் பாதியைத்தான் பெரும்பாலான வருணனைகள் விட்டுவிடுகின்றன.

இவ்வகையில் விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாணத்தின் மீன்துறை இயக்குநராக இருந்தவர். 1865இல் பிறந்து 1949இல் மறைந்தவர். இந்தியப் படகு அமைப்புகளின் தோற்றமும் இனவியல் முக்கியத்துவமும் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1920இல் வங்காள ஆசியக் கழக வெளியீடாக வந்தது. அதன் பின் 1946இல் ‘நீர்ப் போக்குவரத்து’ என்ற பெருநூலைக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. கட்டுமரம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்தவர்களுக்கு, ஊருக்கு ஊர் வேறுபடும் வகைகளைப் பிரித்துக் காட்டியவர் அவரே. வெறும் தெப்பம்போல் தட்டையாகக் கட்டுவது வேறு. நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும், அணியம் மேல்நோக்கிக் கூர்ந்தும் படகின் வளைவைப் பெறும்படி செதுக்கிக் கட்டுவது வேறு. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இரண்டாம் வகை. பறக்கும் மீனான கோலா பிடிக்க நாகப்பட்டினப் பக்கத்தில் போன பெரிய கோலா மரத்தையும் அவர் தனியே குறிக்கிறார். கரையில் நின்று, எண்ணி, அளந்து எழுதிய எழுத்து அது. இன்றும் இத்துறையில் நுழைபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அளப்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்கும் இடத்தில் ஹார்னெல் தடுமாறுகிறார். தென்கோடியிலும் இலங்கையிலும் படகின் ஒரு பக்கம் நீட்டிய கொம்புகளில் மிதப்புக்கட்டை கட்டும் வழக்கம் உண்டு. பசிபிக் தீவுகளிலும் அதே அமைப்பு இருக்கிறது. எனவே பாலினீசிய வழிவந்த மக்கள் நம் தென்கரையில் வந்து குடியேறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டுகிறார். கரையோரச் சமுதாயங்களின் உடற்கூற்றையும் அதற்குச் சான்றாக இழுக்கிறார். தென்கிழக்காசிய மாலுமிகள் இந்தியப் பெருங்கடலில் வந்துபோனார்கள் என்பதை இன்றைய அறிஞர்களும் ஏற்கின்றனர். படகுக் கலை அவர்களிடமிருந்து கைமாறியிருக்கலாம். ஆனால் ஒரு கருவி கைமாறுவது வேறு, ஒரு மக்கள் கூட்டமே இடம் மாறுவது வேறு. உங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இருப்பதால் உங்கள் பாட்டனார் அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஆகிவிட மாட்டார். ஒடுங்கிய ஓடம் கவிழாமல் இருக்க அகலம் வேண்டும். அகலத்துக்கு வழிகள் சிலவே. ஆகவே வெவ்வேறு கரைகளில் ஒரே விடை தானாகத் தோன்றவும் கூடும். உருவ ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து இனவரலாறு எழுதுவது அந்தக் கால ஆய்வாளர் பலருக்கும் இருந்த பழக்கம். ஹார்னெலின் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குடியேற்றக் கதையைச் சந்தேகத்துடன் படியுங்கள்.

இதே தராசை நம் பக்கமும் வைக்க வேண்டும் அல்லவா? ‘உலகமெங்கும் ஓடும் கேட்டமரன் கப்பல்கள் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தவை’ என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் கேட்கிறோம். சொல் நம்முடையது, அதில் தகராறு இல்லை. பொருள் நம்முடையதா?

இன்று கேட்டமரன் எனப்படுவது, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு உடல்களை மேலே பாலம்போல் தளம் இணைக்கும் கலம். நம் கட்டுமரத்தில் மரங்கள் நெருங்கி ஒட்டியிருக்கின்றன, இடைவெளியே கூடாது. இரட்டை உடல் கலங்களில் பசிபிக் பெருங்கடலைக் கடந்தவர்கள் பாலினீசியர். 1876இல் அமெரிக்கப் படகுப் பொறியாளர் நத்தானியேல் ஹெரஷாஃப், ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகை நியூயார்க்கில் போட்டிக்கு விட்டார். மற்றப் படகுகளை அது எளிதில் முந்தவே, அவ்வகைப் படகைப் போட்டியிலிருந்தே விலக்கிவிட்டார்கள்! அத்தகைய படகுகளுக்கு அங்கே ‘கேட்டமரன்’ என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன்பே அச்சொல் ஆங்கிலத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. 1804இல் பிரெஞ்சுத் துறைமுகமான புலோனை ஆங்கிலேயர் தாக்கியபோது, வெடிமருந்து நிரப்பி மிதக்கவிட்ட பெட்டிகளையும் ‘கேட்டமரன்’ என்றே அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கவும் அது பயன்பட்டது. கலகக்காரிக்கும் கட்டுமரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விடை இல்லை. சொல் போன இடத்துக்கெல்லாம் பொருளும் உடன் போகவில்லை என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பாடம்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலே தளம் இட்டு இணைத்த கலத்துக்கு நம் மொழியிலேயே வேறு சொல் இருக்கிறது: சங்காடம். மலையாளத்திலும் அதன் உறவுச் சொல் வழங்குகிறது. இரட்டை உடல் கப்பலுக்கு இங்கிருந்துதான் பெயர் எடுக்க வேண்டும் என்றிருந்தால் சங்காடமே பொருத்தமாக இருந்திருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க வழிகாட்டி நூல், இந்தக் கரையில் ‘சங்கரா’ என்ற கலங்கள் இருந்ததாகக் குறிக்கிறது. பெரிய ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டியவை என்கிறது. அங்கே பேசப்படும் துறைகளில் ஒன்றான ‘சோபத்மா’வை மரக்காணத்தோடு இணைத்துப் பார்ப்பவர் பலர். சிலர் உடனே ‘இதோ கட்டுமரம்’ என்று மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்நூல் அவற்றை மிகப் பெரிய கலங்கள் என்று சொல்கிறது. மீன்பிடிக்கும் மூன்று மரக் கட்டுமரத்துக்கு அது பொருந்தாது. குடைந்த ஓடங்களைப் பிணைத்த சங்காட வகையாக அது இருந்திருக்கலாம் என்பார் கூற்றே வலுவானது.

‘கேட்டமரன்’ பெருமையை நான் மறுப்பது நம் மீனவரின் அறிவைக் குறைக்க அன்று. அந்தப் பெருமை உண்மையான சாதனையை மறைக்கிறது என்பதே என் குறை. உடையும் அலையில் கவிழ்ந்தாலும் கெட்டுப்போகாத, நீர் இறைக்க வேண்டாத, கழற்றித் தோளில் சுமக்கக்கூடிய, இரும்பே இல்லாத ஒரு கலம். இதைச் சொல்லி மகிழ வேண்டிய இடத்தில், யாரோ செய்த இரட்டைப் படகுக்கு உரிமை கொண்டாடுகிறோம்.

இரும்பு என்றதும் இன்னொரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. இந்தக் கடலில் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துப் படகு கட்டினார்கள். துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோன மசூலாப் படகு அத்தகையதே. ஏன் ஆணி இல்லை? கடலுக்குள் காந்தமலை இருக்கிறது, ஆணியைப் பிடுங்கிவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆறாம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் இந்தக் காந்தக் கதையை மறுத்தார். நல்ல தொடக்கம். ஆனால் அவர் தந்த விடை, இந்தியரிடம் இரும்பு இல்லை என்பது! கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் முடியும். தவறான விளக்கத்தை மறுத்தவரின் விளக்கமும் தவறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உண்மைக் காரணம் மசூலாப் படகின் வயிற்றில் இருக்கிறது. அதற்கு விலா எலும்புபோன்ற உட்சட்டங்கள் கிடையாது. அலை தூக்கி மணலில் அறையும்போது பலகைகள் சற்று அசைந்து வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகில் அந்த அடி முழுவதும் ஆணி இருக்கும் சில புள்ளிகளில் குவியும். மரம் பிளக்கும், அல்லது துளை அகலும். உப்புநீரில் துரு வேறு சேர்ந்துகொள்ளும். கயிற்றுத் தையல் அதே அடியை மூட்டு முழுவதும் பகிர்ந்துவிடும். நார் நைந்தால் அவிழ்த்து மறுபடி தைத்துவிடலாம். மிர்ரர் படகின் செப்புக்கம்பித் தையலை ‘புதிய முறை’ என்று எழுதும் வீட்டுப் படகு நூல்கள் இந்தத் தையலை ஒரு வரியிலாவது நினைத்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றே என்றும் சொல்லிவிடக் கூடாது. மிர்ரரில் கம்பி பிசின் இறுகும்வரைதான் வேலை செய்கிறது. பிறகு படகு விறைப்பாகிவிடுகிறது. மசூலாவில் தையல்தான் கடைசிவரை படகு. 2025இல் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கௌண்டின்யா’ என்ற பாய்க்கப்பல், அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்து, கேரளக் கைவினைஞர்களைக் கொண்டு இம்முறையில் தைக்கப்பட்டதே.

மரத்தோடு ஒட்டிய வாழ்வு இக்கரையில் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள குப்பங்களில் இன்று பெரும்பான்மை ஃபைபர் படகுகள். பருத்த இலேசான மரம் கிடைப்பது அரிதாயிற்று, விலையும் ஏறிற்று. மோட்டார் பொருத்த வசதியான வடிவமும் தேவைப்பட்டது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை அறிய, நாகர்கோவிலிலிருந்து 1985இல் வெளிவந்த ஒரு நூல் உதவும். பியர் ஜிலே என்ற பொறியாளர் எழுதியது. ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ அன்று எல்லார் வாயிலும் இருந்த தொடர். அதைத் திருப்பி ‘சிறியதே கடினம்’ என்று தலைப்பிட்டார். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற இடங்களில், கடல்தர ஒட்டுப்பலகையில் சிறு மீன்பிடிப் படகுகளைக் கட்டிக் கொடுத்த முயற்சியின் வரலாறு. வேதனைகளையும் வெற்றியையும் துணைத் தலைப்பிலேயே சேர்த்துப் போட்ட நேர்மைக்காகவே அதைப் பாராட்டலாம். வீட்டுப் படகு நூல்களில் வெற்றி மட்டும்தான் இருக்கும்.

1979இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், அலை உடையும் கரையில் நேராக வந்து ஏறக்கூடிய படகுகளை வகுத்துச் சோதித்தார்கள். அவர்கள் முதலில் எதிர்கொண்ட சிக்கல், மணலைத் தொடும்போது இஞ்சினின் சுழலியை எப்படித் தூக்குவது என்பது. கட்டுமரத்தில் இல்லாத சிக்கல் அது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் ஏராளமான ஃபைபர் படகுகளை வழங்கின. அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் வார்த்த சிலவற்றின் தரம் பற்றி அப்போதே குறை எழுந்தது. ஃபைபர் சுவர் எவ்வளவு கனம், உள்ளே நுரைமிதப்பு போதிய அளவு வைத்திருக்கிறார்களா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. கட்டுமரத்தில் அப்படி ஒளிக்க ஒன்றுமில்லை. வாங்குபவர் தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் முடிவு செய்தார்.

சரி, நீங்கள் என்ன கட்டலாம்? பெரியோர் துணையும் நீச்சலும் மிதப்புச் சட்டையும் உரியவர் அனுமதியும் இருந்தால், ஆப்டிமிஸ்ட் போன்ற படகைக் கட்டி அமைதியான ஏரிநீரில் பழகுவதில் தவறில்லை. கடலில் வேண்டாம். ஒட்டுப்பலகை வாங்கும்போது மட்டும் ஏமாறாதீர்கள். மேசைக்கும் அலமாரிக்கும் விற்கும் சாதாரணப் பலகையின் பசை தண்ணீரில் விட்டுவிடும். கடல்தரப் பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் உண்டு. விரலளவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சில மணிநேரம் கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் அந்தப் பலகையால் உங்கள் படகைக் கட்டாதீர்கள்.

அதைவிட எளிதும் அறிவுக்கு விருந்தும் ஆனது, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு கட்டுமர மாதிரி. 60 செ.மீ. நீளத்தில், 1.8 செ.மீ. கனமும் அகலமும் உள்ள ஐந்து குச்சிகள் போதும். காய்ந்த கல்யாண முருங்கை அல்லது இலவ மரம் நல்லது. நடுக்குச்சியைச் சற்றுத் தாழ்த்தி, அணியத்தை மேல்நோக்கிச் செதுக்கி, முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டும் முன் ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீளங்கள் பத்தில் ஒன்றானால் கன அளவும் எடையும் ஆயிரத்தில் ஒன்றாகும். எனவே இரண்டு மீனவர்க்கும் வலைக்கும் ஈடாக 180 கிராம் எடைக்கல் வைக்க வேண்டும். தொட்டியில் மிதக்கவிட்டு நீர்க்கோட்டைப் பென்சிலால் குறியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சிறிய மரத்துக்குக் கன அளவோடு ஒப்பிட மேற்பரப்பு பத்து மடங்கு அதிகம். ஆதலால் கடலில் பெரிய மரத்துக்குப் பல நாளில் நடக்கும் ஊறல் உங்கள் தொட்டியில் சில மணிநேரத்தில் நடந்துவிடும். மாதிரியைக் கொண்டு வடிவத்தை நம்பலாம், நேரத்தை நம்பக் கூடாது. ஒரு நாள் ஊறவிட்டு, நீர்க்கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு மாதிரிகள் செய்து, ஒன்றைக் கட்டியபடியே வெயிலில் வையுங்கள். மற்றதை அவிழ்த்துத் தனித்தனியே பரப்புங்கள். மணிக்கொரு தடவை இரண்டையும் எடைபோட்டு, ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள்.